ரேட்ஸ் அப்பீல்: வாரியத்தில் உட்காருவது யார், காசு கொடுப்பது யார்?

வழக்கு சிறியதுதான். வீட்டுப் பின்கட்டில் போட்ட ஒரு தகரக் கூரையை நகராட்சியின் மதிப்பீட்டுப் பட்டியல் இரண்டாவது வீடு என்று எழுதிக்கொண்டது. ரேட்ஸ், அதாவது சொத்து வரி, ஏறியது. அதைத் திருத்த ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. மதிப்பீட்டில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை, நேரில் வந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அத்தனை மாதங்களையும் தின்றது, முறையீட்டைக் கேட்க வேண்டிய வாரியம் கூடாமல் இருந்ததுதான். அது ஏன் கூடவில்லை என்று பார்க்கப் போனால், அதில் யாரைப் போடுகிறார்கள், அவர்களுக்கு எதற்காகக் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளில் போய் நிற்கிறோம். தென்னாப்பிரிக்காவில் வீடு வைத்திருக்கிற நம்மவர்கள் பலர் ரேட்ஸ் பில்லைப் பார்த்துத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாரியம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இடம் குவாசூலு-நட்டாலில் ஒரு சின்ன டவுன். மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஊர். நகராட்சியின் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மாள். கணவர் இல்லை, பென்ஷனில் காலம் ஓடுகிறது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் கடிதம் வந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். அப்படித்தான் இதற்குள் போனேன்.

அந்தத் தகரக் கூரை என்ன? புரட்டாசி மாதம் முழுக்க விரதம் இருக்கிற குடும்பம் அது. கடைசி வாரம் சொந்தபந்தம் எல்லாரும் வந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். ஆடி வந்தால் மாரியம்மன் கூழ்ப் பூசை. ஒவ்வொரு தடவையும் வாடகைக்குக் கூடாரம் எடுக்கக் கட்டுப்படியாகாமல், அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோதே நான்கு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு மேலே தகரம் போட்டுவிட்டார். சுவர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. ஒரு மூலையில் மடித்து அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், இன்னொரு மூலையில் பெரிய அலுமினிய அண்டா. 48 சதுர மீட்டர். மேலே இருந்து எடுத்த படத்தில் அது ஒரு கூரை. கூரை இருந்தால் கீழே வீடு இருக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்துவிட்டது.

இப்படி மதிப்பிடுவது சட்டத்துக்கு விரோதம் இல்லை. இங்கே சொத்து வரியை ஆள்வது 2004-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம். 2005 ஜூலை 2 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் வந்து பார்ப்பது மதிப்பீட்டாளரின் விருப்பம் என்றும், வான்வழிப் படங்களையும் கணினி வழி மொத்த மதிப்பீட்டையும் பயன்படுத்தலாம் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆயிரக்கணக்கான சொத்துகளுக்கு ஒரே சமயத்தில் விலை போட வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. தப்பு நடக்கும் என்று தெரிந்தேதான் சட்டம் இதை அனுமதிக்கிறது. திருத்துவதற்கு இரண்டு படிகளை வைத்திருக்கிறது: முதலில் மதிப்பீட்டாளரிடமே ஆட்சேபம், அப்புறம் மேல்முறையீட்டு வாரியம்.

பட்டியலில் அக்கா வீட்டுக்குப் போட்ட விலை 14 லட்சத்து 50 ஆயிரம் ராண்ட். கணக்கு புரிவதற்காக வரி விகிதத்தை ராண்டுக்கு 1.2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம், கழிவுகளையும் விட்டுவிடுவோம். ஆண்டுக்கு 17,400 ராண்ட், மாதம் 1,450. பென்ஷன்காரருக்கு அது மருந்துச் செலவுக்கு மேல். அப்பீல் போட்டிருக்கிறேன், முடிவு வரட்டும், அதுவரை கட்ட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஆட்சேபமோ மேல்முறையீடோ போட்டாலும் பில்லைக் கட்டும் பொறுப்பு தள்ளிப்போகாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆக, வாரியம் கூடத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முறையிட்டவர் கைக்காசுதான் போகிறது. நகராட்சிக்கு அவசரம் எதுவும் இல்லை.

பட்டியல் வெளியான பிறகு ஆட்சேபம் எழுதக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அதற்குள் எழுதிப் போட்டோம். சில மாதம் கழித்து வந்த பதில்: விலையில் மாற்றம் இல்லை. காரணம் எதுவும் இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பதில் வந்த 30 நாளுக்குள் கட்டணம் கட்டி எழுத்தில் காரணம் கேட்கலாம், அப்படிக் கேட்டால் காரணம் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கேட்டோம். வந்த தாளில் ஒரு வரி: "கூடுதல் குடியிருப்பு, 48 சதுர மீட்டர்." அதுவரை விலை ஏன் ஏறியது என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஒரு வரிதான் வழக்கு.

மேல்முறையீட்டைக் கொடுத்தோம். அப்புறம் காத்திருப்பு.

வாரியம் என்பது யார்

மதிப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தை அமைப்பது நகராட்சி இல்லை, மாகாண அரசின் உள்ளாட்சி அமைச்சர். எங்கள் பக்கம் அவருடைய துறையின் சுருக்கப் பெயரான 'கோக்டா'வைச் சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும். ஒவ்வொரு மாவட்ட நகராட்சிக்கும், ஒவ்வொரு பெருநகராட்சிக்கும் குறைந்தது ஒரு வாரியம் இருக்க வேண்டும். எங்கள் டவுன் போன்ற சின்ன நகராட்சிகளுக்குப் பெரும்பாலும் தனி வாரியம் கிடையாது. மாவட்டத்தில் உள்ள மற்ற ஊர்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வாரியத்துக்கு ஒரு தலைவர். அவருக்குச் சட்டப் படிப்பும் நீதி நிர்வாகத்தில் போதுமான அனுபவமும் வேண்டும். அவரோடு இரண்டு முதல் நான்கு பேர் வரை. அவர்களுக்குச் சொத்து மதிப்பீட்டில் அறிவோ அனுபவமோ இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பதிவு பெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். எம்.பி.க்கள், மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள், அந்தப் பகுதியின் கவுன்சிலர்கள் ஆகியோர் வாரியத்துக்குள் வர முடியாது. இவர்கள் எல்லாரும் குறிப்பிட்ட காலத்துக்குப் பகுதி நேரமாக நியமிக்கப்படுகிறவர்கள். மீதி நாள்களில் அவரவர் வக்கீல் ஆபீஸ், அவரவர் மதிப்பீட்டு வேலை.

தாளில் படித்தால் நல்ல அமைப்பு. அரசியல்வாதி இல்லை, சட்டம் தெரிந்தவர் இருக்கிறார், விலை தெரிந்தவர் இருக்கிறார். எங்கள் வழக்கில் இது இடறியது காலக் கணக்கில். மேல்முறையீடு போய்ச் சேர்ந்தபோது பழைய வாரியத்தின் காலம் முடிந்திருந்தது. புதிய பெயர்கள் மாகாண கெசட்டில் வர வேண்டும். அதற்கு முன் பரிந்துரை கேட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும், வந்த பெயர்களைப் பார்க்க வேண்டும், தகுதி சரிபார்க்க வேண்டும். மதிப்பீட்டுப் பட்டியல் வெளியாகும் தேதி பல வருஷத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த தேதி. பெருநகராட்சிகளில் பட்டியல் 4 ஆண்டு செல்லும், மற்ற நகராட்சிகளில் 5 ஆண்டு. மேல்முறையீடுகள் எந்தக் காலாண்டில் வந்து குவியும் என்பதைக் காலண்டரில் இப்போதே குறித்து வைக்கலாம். அப்படியிருந்தும் வாரியம் காலியாக இருக்கும் நேரத்தில் கோப்புகள் வந்து சேர்கின்றன. இது அலட்சியம் என்பது என் கருத்து. யாரும் வேண்டுமென்றே செய்த சூது என்று நான் நினைக்கவில்லை.

பெயர்கள் வந்த பிறகும் உடனே நடக்கவில்லை. ஓர் அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. காரணம், உறுப்பினர் ஒருவர் வங்கிக்காக அதே தெருவில் ஏற்கெனவே மதிப்பீடு செய்து கொடுத்திருந்தார். தன் சொந்த அக்கறை கலந்திருக்கும் விஷயத்தில் உறுப்பினர் அதை வெளியே சொல்லி விலக வேண்டும். அவர் சொன்னார், விலகினார். ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். ஆனால் சின்ன ஊரில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களே கைவிரல் எண்ணிக்கைதான். அவர்கள் பிழைப்பதே அந்த ஊர்த் தெருக்களுக்கு விலை போட்டுத்தான். பகுதி நேர வாரியம் என்றால் இந்த மோதல் கூடவே வரும். மாற்று உறுப்பினர்களை வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மாற்று ஆளும் அதே சின்ன வட்டத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் வாரியத்தின் மேஜையை நிரப்புகிறது, வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆட்சேபத்தைப் பார்த்து மதிப்பீட்டாளரே விலையை மேலோ கீழோ 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால், அந்த முடிவு தானாகவே வாரியத்தின் மறுஆய்வுக்குப் போக வேண்டும். யாரும் மேல்முறையீடு செய்திருக்க வேண்டியதில்லை. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு ஆட்சேபத்திலேயே 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள். பிரியாணி வாங்கிக் கொடுத்து எல்லாம் கொண்டாடினார். அப்புறம்தான் அவர் கோப்பும் வாரியத்துக்குப் போயிருப்பதாகக் கடிதம் வந்தது. வேண்டியவர்களுக்கு மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு இது, தேவையான பூட்டுதான். ஆனால் முதல் பட்டியல் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாரியத்தின் வேலையும் கூடும். வாரியத்தின் ஆள்பலமோ அதே மூன்று பேர், ஐந்து பேர்தான்.

காசு எங்கிருந்து வருகிறது

உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பொதுவாக உட்காரும் நேரத்துக்கு ஏற்ப, மணிக்கு அல்லது அமர்வுக்கு இவ்வளவு என்று கணக்கு. தலைவருக்குச் சற்று அதிகம், வண்டிச் செலவு தனி. நியமனத்தின் நிபந்தனைகளை வைப்பது மாகாண அமைச்சர். ஆனால் நடைமுறையில் பணம் போவது நகராட்சியின் பட்ஜெட்டிலிருந்து. கூட்ட அறை, கோப்பு நகல், அமர்வுத் தேதி அறிவிப்பு எல்லாமே நகராட்சியின் பக்கத்து வேலை. எங்கள் ஊரில் வாரியத்தின் செயலாளராக இருந்தவர் ரேட்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். தன் வழக்கமான வேலையோடு இதையும் இழுத்துக்கொண்டிருந்தார். பாவம், தொலைபேசியில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எரிந்து விழாமல் பதில் சொன்னது அவர் ஒருவர்தான்.

ஆக, ஆளை நியமிப்பது ஒரு கை, காசு கொடுப்பது இன்னொரு கை. காசு கொடுக்கும் கைதான் வாரியத்தின் முன் எதிர்த்தரப்பாகவும் நிற்கிறது. இதை வைத்து வாரியம் நகராட்சிக்குச் சாய்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எங்கள் வழக்கில் நான் பார்த்தது அது இல்லை. தீர்ப்பில் சாய்வு இல்லை, அமர்வின் எண்ணிக்கையில்தான் சிக்கனம் இருந்தது. ஒவ்வொரு அமர்வும் ஒரு செலவு என்பதால், கோப்புகள் போதுமான அளவு சேரும்வரை காத்திருந்து ஒரே நாளில் வரிசையாக வைக்கிறார்கள். நகராட்சிக் கணக்குப் பிரிவின் பார்வையில் அது நியாயமான சிக்கனம். முதலில் கோப்பு கொடுத்தவர் பார்வையில், கடைசியில் கொடுத்தவருக்காகக் காத்திருப்பது.

எதிர் மேஜையையும் பார்க்க வேண்டும். நகராட்சி மதிப்பீட்டாளர் அதன் ஊழியராக இருக்கலாம், டெண்டர் மூலம் எடுத்த தனியாராகவும் இருக்கலாம். எங்கள் ஊரில் தனியார். பட்டியலை முடித்துக் கொடுப்பதற்கு ஒரு தொகை, வாரியத்தின் முன் வந்து நிற்பதற்கு மணிக்கணக்கில் தனிக் கூலி. வாரியத்தில் நடக்கும் வாதத்துக்கு அந்த அறையில் ஒருவர் தவிர எல்லாருக்கும் காசு உண்டு. அந்த ஒருவர் வீட்டுக்காரர்.

அன்றைய அமர்வு

நகராட்சிக் கட்டடத்தின் பக்கத்து அறை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஐம்பது வயதுள்ள வக்கீல் அம்மா. இரண்டு பக்கமும் மதிப்பீட்டாளர்கள். ஒருவருடைய கோப்பில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, மஞ்சள் ஒட்டுத்தாள். இன்னொருவர் எங்கள் கண் முன்னால்தான் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? உட்காரும் நேரத்துக்குத்தான் காசு. வீட்டில் படிக்கும் நேரத்துக்கு யாரும் கொடுப்பதில்லை என்றால் படிப்பது அவரவர் மனசாட்சி. வாரியத்தின் ஊதிய முறையில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், கோப்பு படிக்கும் நேரத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்பேன்.

உள்ளே போகுமுன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, தோத்துட்டா அவங்க லாயர் செலவும் என் தலையில வருமா?"

வராது என்றேன். வீண் வம்புக்காகப் போட்ட முறையீடு என்று வாரியம் கருதினால்தான் செலவுத் தொகை விதிக்க முடியும். நியாயமான சந்தேகத்தோடு வருகிறவர் தோற்றாலும் அந்தப் பயம் வேண்டாம். இந்தப் பயத்தினாலேயே பலர் படியேறுவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு அக்கா பேசினார். தகரக் கூரையின் நான்கு பக்கமும் எடுத்த போட்டோக்கள் கொடுத்தோம். கூடவே, அதே திட்டத்தில் கட்டிய அதே அளவு வீடுகள் மூன்று விற்ற விலை. மதிப்பீட்டாளர் தரப்பு வான்வழிப் படத்தை வைத்தது. தலைவர் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வீட்டுக்குள் யாராவது போய்ப் பார்த்தீர்களா?" இல்லை என்றார்கள். பென்சில் குறிப்புக்காரர் போட்டோவைத் தூக்கிப் பிடித்து, இதற்குச் சுவர் எங்கே என்றார். அதோடு அந்தப் பகுதி முடிந்தது.

அக்கா அங்கே நிறுத்தியிருக்கலாம். தெரு மூலையில் புதிதாக வந்த டாக்ஸி ரேங்க் (டாக்ஸி நிறுத்தம்), அதிகாலை நான்கு மணிக்கே ஹாரன், தூக்கம் போச்சு, இதற்கும் விலை குறைய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மதிப்பீட்டுத் தேதிக்குப் பிறகு வந்ததை இந்த அமர்வில் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அக்காவுக்கு இன்றுவரை அதில் கோபம்.

ஆனால் விதி அதுதான். பட்டியலில் இருக்கும் விலை, ஒரு குறிப்பிட்ட தேதியில் விற்க விரும்பும் ஒருவரும் வாங்க விரும்பும் ஒருவரும் ஒத்துக்கொண்டிருக்கக்கூடிய விலை. அந்தத் தேதிக்கு அடுத்த நாள் வானம் இடிந்து விழுந்தாலும் பொதுப் பட்டியலில் அது வராது. டர்பன் பெருநகராட்சியின் 2022 பட்டியலுக்கு மதிப்பீட்டுத் தேதி 2021 ஜூலை 1. அடுத்த வாரமே, ஜூலை 9 வாக்கில் கலவரம் தொடங்கியது. கடைகள் எரிந்தன, ஃபீனிக்ஸ் பக்கம் தெருவுக்குத் தெரு தடுப்பு. 2022 ஏப்ரலில் வெள்ளம், நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டொங்காட்டில் தண்ணீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டும் தேதிக்குப் பின்னால் வந்தவை. சரி, அப்படி விலை விழுந்தவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பொது மதிப்பீட்டுக்குப் பிறகு எந்தக் காரணத்தாலாவது சந்தை விலை கணிசமாக ஏறினாலோ இறங்கினாலோ துணை மதிப்பீடு செய்ய சட்டத்தின் 78-ஆம் பிரிவில் இடம் உண்டு. அது தனிக் கதவு. மேல்முறையீட்டுக் கதவில் போய் அதைத் தட்டினால் திறக்காது. அக்காவின் டாக்ஸி ரேங்க் அந்தக் கதவுக்கு உரியது. அதற்கும் சத்தத்தால் விலை விழுந்தது என்று விற்பனைகளைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும்.

மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது அடுத்த ஆள் கோப்போடு எழுந்து நின்றார்.

முடிவு

தீர்ப்பு தபாலில் வந்தது. கூடுதல் குடியிருப்பு என்பது நீக்கம், விலை 11 லட்சத்து 60 ஆயிரம். நாங்கள் கேட்டது 11 லட்சம். கூரைக்கு ஏதோ ஒரு மதிப்பு உண்டு என்று வாரியம் எடுத்துக்கொண்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. மேலே வைத்த மாதிரி விகிதத்தில் ஆண்டுக்கு 13,920 ராண்ட், மாதம் 290 மிச்சம். பட்டியல் அமலுக்கு வந்த நாளிலிருந்து கூடுதலாகக் கட்டியதையும் திருப்ப வேண்டும். அது கணக்கில் வரவாக வந்தது, அக்கா பல மாதம் பில் கட்டவே இல்லை.

வாரியத்தின் முடிவு பிடிக்காதவருக்கு அடுத்த படி உயர் நீதிமன்றம். அங்கே விலையை மறுபடி எடை போட மாட்டார்கள், நிர்வாக நீதிச் சட்டத்தின்படி முடிவெடுத்த முறை சரியா என்று பார்ப்பார்கள், 180 நாளுக்குள் போக வேண்டும். மாதம் 290 ராண்டுக்காக யாரும் அட்வகேட் வைத்துக்கொண்டு அங்கே போக மாட்டார்கள். நடைமுறையில் அந்த மேஜையில் உட்கார்ந்த மூன்று பேர்தான் கடைசி வார்த்தை. அவர்கள் யார் என்பதில் நமக்கு இன்னும் கொஞ்சம் அக்கறை இருக்கலாம். பரிந்துரை கேட்கும் அறிவிப்பு பத்திரிகையில் ஒரு மூலையில் வருகிறது. கோயில் கமிட்டிக்கு ஆள் போட மூன்று கூட்டம் நடத்துகிற நம்மவர்கள் இதற்கு ஒரு பெயரும் எழுதிப் போடுவதில்லை.

நான் ஒரு பெயர் எழுதலாம் என்று, ஓய்வு பெறப் போகும் நிலையில் இருக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரைக் கேட்டேன், எங்கள் ஊர்க்காரர். அவர் முதலில் கேட்டது எவ்வளவு கொடுப்பார்கள் என்று. உட்காரும் நேரத்துக்கு மட்டும் என்றேன். இரண்டாவதாக, வங்கிகளுக்குச் செய்யும் மதிப்பீட்டு வேலையை விட வேண்டுமா என்றார். அந்தக் கோப்புகளில் மட்டும் விலக வேண்டியிருக்கும் என்றேன். "என் கோப்புகள் இல்லாத தெரு இந்த ஊரில் எதுப்பா?" என்று சிரித்துவிட்டு, படிவத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். கடைசித் தேதிக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.